எட்டும் பதினாறும்

முக்கு ரோட்டில் என் பட்டறை மேசை மேல்
இன்று இரண்டு ஹெட்டு.
மல்லாந்து போட்ட நண்டுகள் மாதிரி
வயிறு தெரியக் கிடக்கின்றன.

ஒன்று இன்னாசிமுத்துவின் அம்பாசடர்.
பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு
ஐஸ்பெட்டியும் மீனும் ஏற்றுகிற டீசல்.
சிலிண்டருக்கு இரண்டு வால்வு:
உள்ளே விட ஒன்று,
வெளியே தள்ள ஒன்று.
உள்வால்வு டீக்கிளாஸ் அடி அளவு.
வெளிவால்வின் விளிம்பில்
எலி கடித்த வடை போல ஒரு பள்ளம்.

மற்றது அசனாரின் கார்.
கீழக்கரையிலிருந்து மதுரை ஏர்போர்ட்டுக்கு
வாரம் ஐந்து நடை.
சிலிண்டருக்கு நாலு,
ஒவ்வொன்றும் ரெண்டு ரூபாய்க் காசுதான்.
திருப்புல்லாணி தாண்டி பெல்ட் அறுந்து
பிஸ்டன் ஏறி முட்டியதில்
பதினாறில் பதினொன்று வளைந்துபோனது.
அப்போது உள்ளே இருந்தவர்
துபாய் விமானம் பிடிக்க வேண்டியவராம்.
அவர் திட்டியதை அசனார்
இரண்டு முறை சொல்லிக் காட்டினார்.
எழுத முடியாது.

"எது ஒசத்தி தங்கச்சி, சொல்லு"
என்று இருவரும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள்.

எங்கே ஓட்ட, என்று கேட்டேன்.

வாலிநோக்கம் மணலில்
முந்நூறு கிலோ நெத்திலியோடு
உறுமி ஏறும்போது
ஒற்றை வாசலில் நெருக்கியடித்து
சுழன்று நுழைகிற காற்று போதும்.
அதையே விரட்டு விரட்டென்று விரட்டினால்
பந்திக்கு ஒரு கதவை மட்டும் திறந்த கல்யாண வீடு.
வெளியே நிற்பவன் வெளியேதான்.

நாலு வால்வென்றால்
பார்த்திபனூர் தாண்டி, அகலச் சாலையில்,
மிதிக்க மிதிக்க வாங்கும்.
எடையில்லாத வால்வு, சட்டென்று திறக்கும்,
சட்டென்று வந்து உட்காரும்.
ஊர்ந்தால் மட்டும்
காலி மண்டபத்தில் நாலு பேர் போலக்
காற்று சோம்பிக் கிடக்கும்.

இப்போது வருகிற வண்டிகளில்
அந்தச் சோம்பலுக்கும் வைத்தியம் வைத்துவிட்டார்கள்.
நான் சொல்லவில்லை.
இன்னாசிமுத்துவின் முகம்
அப்போதுதான் மலர்ந்திருந்தது.

பிறகு தேய்த்தேன்.
வால்வின் முகத்தில் பேஸ்ட்டு,
உறிஞ்சுகுச்சி இரண்டு உள்ளங்கைக்கு நடுவில்,
இந்த வெக்கையில்
குளிருக்குக் கை தேய்ப்பவளைப் போல.
முதலில் சரசரவென்று.
பிறகு சத்தம் மெலிந்து
ஒரு சாம்பல் வளையம் விழும்.
கச்சான் காற்றுக்குக் கதவைச் சாத்தியிருந்தேன்.
ஒரு மணல் போதும்,
எட்டையும் கெடுக்கும் பதினாறையும் கெடுக்கும்,
அதற்குக் கணக்குத் தெரியாது.

எட்டு, சாயங்காலத்துக்குள் முடிந்தது.
பதினாறு முடிந்தபோது
இஷா பாங்கு சொல்லிவிட்டார்கள்.
உள்ளங்கையில் ஒரு கொப்புளம்
எந்த ஹெட்டுக்கு உரியதென்று தெரியவில்லை.

குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தோம்.
நாலு வால்வில், மூன்றாவது சிலிண்டரில்
ஒன்று மட்டும் கசிந்தது.
அசனார் நெற்றியில் அறைந்துகொண்டார்.
இன்னாசிமுத்து வாயைத் திறக்கவில்லை,
கண்ணால் சிரித்தார்.

அவருடையது ஒரு சொட்டுக் கசியவில்லை.
துடைக்கும்போது
இரண்டு வால்வுக்கும் நடுவே ஒரு தலைமுடி.
என்னுடையதாக இருக்குமென்று துடைத்தேன்.
போகவில்லை.
நகத்தால் சுரண்டினேன்.
நகம் தட்டி நின்றது.

விரிசல்.

"நாலு வால்வு ஹெட்டை இதில மாட்ட முடியாதா?"
"போல்ட்டு ஓட்டையே வேறண்ணே."
அசனார் சிரிக்கவில்லை.

விடியக்காலை மூன்றுக்கு மீன் ஏலம்.
பரமக்குடி பழைய இரும்புக்கடைக்குப் போன் போட்டேன்.
அம்பாசடர் ஹெட்டு ஒன்று கிடக்கிறதாம்,
வந்தால் எடுத்துப் போகலாமாம்.
எதில் போவது?
இருவர் வண்டியும் வாசலில்
தலையில்லாமல் நிற்கின்றன.

கடைசி பஸ்ஸில் இரண்டு பேருமே ஏறினார்கள்.
ஹெட்டைத் தூக்க ஒருத்தன் பத்தாது
என்று அசனார் காரணம் சொன்னார்.
ஜன்னல் வழியாகக் கேட்டது,
இன்னாசிமுத்து கண்டக்டரிடம்:
"இந்த பஸ்ஸுக்கு சிலிண்டருக்கு எத்தனை வால்வு?"

கதவைச் சாத்திவிட்டு
மூன்றாவது சிலிண்டரின்
ஈரமான வால்வைக் கழற்றினேன்.
கொப்புளத்தின் மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு
மறுபடியும் சரசர.