இருபத்து நான்கு

டூகலுக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு இருபத்தேழு.
அவருடைய பயிற்சி ஏட்டில்
கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

முதல் வாரம்
கைகளை எங்கே வைப்பதென்றே அவருக்குத் தெரியவில்லை.
வடகடல் எண்ணெய் மேடையில்
முப்பது வருடம் சங்கிலி இழுத்த கைகள்.
"இடுப்புக்குக் கீழே இறக்காதீர்கள்.
பச்சை விரிப்புக்கு முதுகு காட்டாதீர்கள்."
"அரசர் முன்னால் நிற்கிற மாதிரியா?"
"ஆமாம். மூக்கைச் சொறிந்தாலே
கோபித்துக்கொள்கிற அரசர்."

மயக்கம் கொடுக்கும்போது
தொண்டையில் எந்த வளையத்தை அழுத்துவதென்று
என் கழுத்திலேயே தொட்டுக் காட்டினேன்.
எவ்வளவு அழுத்தம் என்று கேட்டார்.
மூன்று கிலோ என்றேன்.
அன்றிலிருந்து தினமும் காலையில்
மாவு நிறுக்கும் தராசை மூன்று விரலால் அழுத்தி
முள் மூன்றில் நிற்கும்வரை
மனைவிக்குத் தராசு கொடுப்பதில்லையாம்.

ஒரு பஸ் ஓட்டுநர் அம்மாவின் கையைப் பிடித்திருந்தார்.
மருந்து ஏறியது, கண் மூடியது, குழாயும் போட்டாயிற்று.
"இனி விடலாம்" என்றேன்.
"பாதி வாக்கியத்தில் போய்விட்டார்" என்றார்,
விடாமல்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை.
வெளியே அபர்டீன் முழுக்கக் கடல் மூடுபனி,
ஹெலிகாப்டர்கள் இறங்கவில்லை என்று
காலையிலேயே சொல்லியிருந்தார்.
உள்ளே திறந்த வயிறு, ஐந்தாவது மணி நேரம்.
கத்திகளோடு மேசையருகில் நான்.
நனைந்த பஞ்சுத்துண்டுகளைப் பிரித்து
தொங்கும் பைகளில் ஐந்தைந்தாகப் போடுவது அவர்.

மூடப் போகிறேன், எண்ணிக்கை? என்றார் பிட்கெத்லி.
பைகளைப் பார்த்தேன். ஐந்து வரிசை.
பசித்தது. முழங்கால் வலித்தது.
வரிசையைத்தான் எண்ணினேன், துண்டுகளை அல்ல.
"சரியாக இருக்கிறது."

"இருபத்து நான்கு."

ஊசி பாதி வழியில் நின்றது.
"யார் சொன்னது, மாணவரா?"

நான் சொன்ன 'சரி' இன்னும்
முகமூடிக்குள் சூடாக இருந்தது.
அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று யோசித்த நேரத்தில்
அவர் இன்னொரு தரம் சொன்னார்,
கூட்டாமல், குறைக்காமல்,
அதே குரலில், அதே எண்ணை.

"நிறுத்துங்கள்" என்றேன்.
என் வாயிலிருந்து வந்ததே போதும் என்றிருந்தது.

குப்பைக் கூடையைக் கவிழ்த்தார்.
தரையில் மண்டியிட்டு
எல்லோருடைய காலடியிலும் தேடினார்.
விரிப்பின் மடிப்புகளை நான் ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்.
ஒன்பது நிமிடம்.
எக்ஸ்ரேக்காரர் வருவதற்குள்
பிட்கெத்லி கையை மறுபடி உள்ளே விட்டார்.
கல்லீரலுக்குப் பின்னால்,
விலா முடிகிற இடத்தில்
துவைக்காத கைக்குட்டை போல ஒன்று.

தட்டில் போட்டார்.
"இருபத்தைந்து."
வேறெதுவும் சொல்லவில்லை.
தையல் தொடங்கியது.

இரவு ஏட்டைத் திறந்தேன்.
'மேற்பார்வையில் செய்கிறார்',
'தானாகவே செய்கிறார்':
இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன்.
என்னைக் குறிக்க அதில் கட்டம் இல்லை.
வேறொரு படிவம் இருக்கிறது,
தவறுகளுக்கானது.
அதில் என் பெயரை முழுதாக எழுதினேன்.

டூகல் தேநீர் கொண்டுவந்தார், சர்க்கரை போட மறந்து.
"மேடையில் ஒரு ஸ்பேனர் குறைந்தால்
யாரும் நகர முடியாது" என்றார்.
கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.
"ஒருமுறை குறைந்தது தெரிந்தும்
சொல்லாமல் இருந்தேன்."
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு
புதுக்கட்டைப் பிரிக்கிறேன்.
சிவப்பு நூலை அவிழ்த்து
ஒவ்வொன்றாய் விலக்கி
சத்தமாக, உதடு அசைய,
வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி:
ஒன்று. இரண்டு.
எதிரில் பலகையும் பேனாவுமாக அவர்.
நான் ஐந்து என்று சொல்லி முடித்தும்
உடனே எழுதவில்லை.
என் விரல்களைப் பார்த்தார்.
பிறகுதான் எழுதினார்.