தேறல்

மூன்று மணிக்குத் தொடங்கும் என்றார்கள்.
மூன்றரைக்குத்தான் மிஸ்டர் ஊய் வந்தார்,
மழையில் ஊறிய சப்பாத்தோடு.
வெல்ட் கீ கிடங்கின் மாடி அறை.
வெள்ளைத் துணி விரித்த இரண்டு மேசை.
ஆளுக்கு ஆறு கோப்பை,
நடுவில் துப்புவதற்கு ஒரு வாளி.
இந்த வாளிதான் என் வீட்டுக்காரருக்கு விளங்குவதில்லை:
காசு கொடுத்து வாங்கித் துப்புவார்களா, ரூபாவதி?

துப்புவார்கள்.
ஒரே தோட்டம், ஒரே மூன்று திராட்சை:
செமிலான், சோவினான் பிளாங்க்,
பெயர் சொன்னால் நாக்குத் தடுக்கும் இன்னொன்று.
ஆண்டுக்கு ஆண்டு கலவைதான் மாறும்,
ஒரு வீட்டில் இந்த வருஷம் யார் குரல் ஓங்குகிறதோ அதுபோல.

ஊற்றுவது என் வேலை.
பெட்டிக் கணக்கும் சுங்கப் பாரமும்
குளிரறை வெப்பமானியும் என் வேலை.
குடிப்பது இல்லை. ஆனாலும்
ஒவ்வொரு புட்டியிலும் முதல் விரற்கடை எனக்கு,
கெட்டிருக்கிறதா என்று பார்க்க.

பதிமூன்று:
வந்த புதிதில் எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறிய வாசம்.
இப்போது அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவர்த்தி.
பதினான்கு வாயே திறக்கவில்லை.
கோலாலம்பூர் ஓட்டல்காரர் சுழற்றினார், சுழற்றினார்,
கோபித்துக்கொண்ட மருமகனைக் கூப்பிடுவது போல.
பதினைந்தில் அவர்கள் ஊரில் நல்ல மழை.
தண்ணீர் தெரிந்தது.
"நேர்மையான வருஷம்" என்றார் மிஸ்டர் ஊய்.
விற்காது என்று அர்த்தம்.

பிறகு பதினாறு.

மற்றதெல்லாம் வைக்கோல் நிறம்.
இது, அடகிலிருந்து மீண்டு வந்த சங்கிலி.
மாலினி ஜெகதீசன் மூக்கைக் கோப்பைக்குள் விட்டு
வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.
"பாலிக் பூலாவ் ஜாதிக்காய்ப் பாகு" என்றாள்.
வறுத்த முந்திரி என்றார் ஒருவர்.
பலாச்சுளை. தேன். இல்லை, தேனடை.
வாளிப் பக்கம் யாரும் திரும்பவில்லை.
"அந்த வருஷம் என்னதான் செய்தார்கள்?"

அவர்கள் ஒன்றும் செய்யவில்லை.
நான்தான் செய்தேன், அல்லது செய்யாமல் விட்டேன்.
ஒரு வியாழக்கிழமை, நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள்,
கடைவாய்ப் பல் வலியில் கண் இருண்டு
முத்திரைக்குப் போக வேண்டிய பாரத்தை
சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியிலேயே வைத்துவிட்டு
நாலரைப் படகுக்கு ஓடினேன்.
படகு இறங்கிய இடத்துக்குச் சற்றுத் தள்ளித்தான்
அந்தக் கொள்கலன் நின்றிருந்தது,
பட்டர்வொர்த் வெயிலில்,
மின்சாரம் பிடுங்கிய பெரிய தகரப் பெட்டியாக.
ஞாயிறு மதியம்வரை.
உள்ளே இருந்த வெப்பப் பதிவுத் தாளில்
கோடு மலை ஏறியிருந்தது: நாற்பத்தொன்று.
திரும்பும் படகில்
அந்தத் தாளை நான்காய்க் கிழித்துக் கடலில் விட்டேன்.
ஒரு துண்டு மட்டும் மூழ்காமல்
கூடவே கொஞ்ச தூரம் வந்தது.

"ரூபா, என்ன செய்தார்கள்?"
மிஸ்டர் ஊய் என்னையே பார்த்தார்.
"அந்த வருஷம் வெயில் கொஞ்சம் அதிகம், சார்."
பொய்யில்லை.

பதினேழும் பதினெட்டும் பாவம்.
அதற்குப்பின் எதை ஊற்றினாலும் பச்சை வாழைக்காய்.
பதினாறு எத்தனை இருக்கிறது என்று கேட்டார்கள்.
முப்பத்தெட்டுப் பெட்டி என்றேன், கணக்குப் புத்தகம் பாராமல்.
மாலினி இருபது எடுத்தாள்,
மிச்சத்துக்கு ஓட்டல்காரர் கை நீட்டினார்.
மிஸ்டர் ஊய் விலையில் பதினைந்து வெள்ளி ஏற்றினார்,
என்னைப் பார்க்காமல்.

பழந்தமிழில் மதுவுக்குத் தேறல் என்று பெயர்.
தெளிந்தது. பரீட்சையில் பிழைத்தது.
"இனி தேறாது" என்று டாக்டர் கைவிட்ட பிறகு
எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது.
இவற்றில் எது இந்தப் புட்டி, எனக்குத் தெரியாது.
அடுத்த வருஷமே புளித்துக் காடியாகலாம்.
விற்றுவிட்ட சரக்கு, அது வேறொருவர் கவலை.

எல்லாரும் போனபின் கோப்பைகளைக் கழுவினேன்,
முப்பத்தாறில் ஒன்று விரிசல்.
பதினாறின் அடியில் ஒரு வாய் கிடந்தது.
குடித்தேன், துப்பவில்லை.
இடப்பக்கம், அந்தப் பல் இருந்த குழியில்
சற்று நேரம் நின்றுவிட்டு
இறங்கியது.