பல்லச்சு

வாட்சோ ஊரில் பல் மருத்துவன் நான்.
சங்கீதம் தெரியாது.
என் டிரில் எந்தச் சுருதியில் கத்துகிறது என்று
எனக்குச் சொன்னவள் குன்வோர்.
வாயில் பஞ்சு இருந்ததால் சீட்டில் எழுதிக் காட்டினாள்:
பி ஃப்ளாட்டுக்கு ஒரு நூல் மேலே.

முதல்முறை வந்தபோது இருபத்திரண்டு வயது.
பல்லில் ஒரு குறையும் இல்லை.
ஹோர்ட்டனில், கடற்படை வாத்தியக் குழுவில்
டிரம்பெட் ஊதும் வேலை கிடைத்திருக்கிறதாம்;
முன்பற்களுக்கு ஓர் அச்சு எடுத்துவைக்க வேண்டுமாம்.
"வீட்டுப் பத்திரத்துக்கு நகல் வைப்பதில்லையா?"
மாவு குழைத்தேன். கடித்தாள்.
சாந்தில் வார்த்துப் பார்த்தால்
இடப்பக்க வெட்டுப்பல் ஓர் அரிசிமுனை முன்னே நின்றது.
சரிசெய்யட்டுமா என்றேன்.
அந்தக் கோணலில்தான் என் பிழைப்பு என்றாள்.

பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, கோடையில்.
அட்டையில் முகவரியை அடித்து அடித்து எழுதுவேன்.
சீருடையைக் கழற்றிவிட்டு ஓர் உல்லாசக் கப்பல்:
இரவு விருந்தில் அதே பதினான்கு பாட்டு,
அலை அடித்தால் உதடு நழுவும்.
தாம்பெரேயில் ஒரு சர்க்கஸ்.
குதிரை தடம் மாறினால் பாட்டும் மாற வேண்டும்;
"எனக்கு வாய்த்த நடத்துநர்களில்
தாளம் தப்பாதது அந்தக் குதிரைதான்."
யொத்தபோரியில் ஆபரா மேடைக்கு அடியில், பள்ளத்தில்,
எண்பத்து நாலு தாளவட்டம் சும்மா எண்ணி
மூன்றே மூன்று சுரம் ஊதிவிட்டு வீட்டுக்குப் போவாள்.
நடுவில் சவ ஊர்வலங்கள். ஒரு சாக்லேட் விளம்பரம்.
தொழில் என்ற கட்டத்தில் ஏன் இவ்வளவு நெருக்கி எழுதுகிறீர்கள் என்று
வரி அலுவலகம் கடிதம் போட்டதாம்.

நாற்பத்தொன்றாம் வயதில்
கப்பல்துறைப் படியில் பனிக்கட்டி.
கைகள் வாத்தியப் பெட்டியைக் காப்பாற்றின.
முகம் இரும்பில் விழுந்தது.

அலமாரியைத் திறந்தேன்.
பத்தொன்பது வருஷத் தூசியைத் துடைத்து
அச்சைப் பார்த்துப் பல் வடித்தேன்,
அரிசிமுனை உட்பட.
அப்படியொரு வேலையை அதற்கு முன்னும் செய்ததில்லை,
பின்னும் இல்லை.
கண்ணாடியை நீட்டினேன். வேண்டாம் என்று
கோட்டுப் பையிலிருந்து ஊதுவாயை எடுத்து
உதட்டில் பொருத்தினாள்.
காற்று வந்தது.
காற்று மட்டும்.

ஆறு வருஷம் என் வாசலை மிதிக்கவில்லை.
கேள்விப்பட்டதுதான்: வாய் அகன்ற வாத்தியமாகத் தேடித்
தேடிக் கீழே இறங்கினாளாம்.
யூஃபோனியம் பிடிகொடுக்கவில்லை.
கடைசியில் டியூபா,
மடியில் ஒரு கலைமான் கன்று மாதிரி.
முன்வரிசையில் மின்னியவள்
பின்வரிசையில் உட்கார்ந்து
எல்லோருக்கும் தரை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாம் வருஷம் கதவைத் தட்டியவன்
ஏழெட்டு வயசுப் பையன், கையில் சீட்டு.
நான்கு பள்ளிக்கூடம், ஒரே பேருந்து,
முப்பத்தாறு பிள்ளைகள் என்று தொடங்கி,
"இவன் முன்பல் எப்போது முளைக்கும்?
கார்னெட் கொடுக்கவா, அதுவரை டிரம் கொடுக்கவா?"
நவம்பர் என்று பின்புறம் எழுதி அனுப்பினேன்.
அதன் பிறகு அவளுடைய வகுப்பு அட்டவணை
பாதி என் மேசையில்தான் தயாராயிற்று.
யாருக்குப் பல் ஆடுகிறது, யாருக்குக் கம்பி கட்ட வேண்டும்,
யார் பயத்தில் மட்டும் பல் வலி என்கிறான்.

ஒருநாள் அவளே வந்தாள்.
"அந்த அச்சைக் கொடு."
எதற்கு?
"ஜன்னலைத் திறந்தால் நோட்டுத் தாள் பறக்கிறது."

மே பதினேழு. தேசிய நாள், விடுமுறை,
பல்வலிக்கு அதெல்லாம் தெரியாது:
நாற்காலியில் வாய் பிளந்தபடி சுங்க அதிகாரி.
வெளியே பனி. தெருவில் அவள் கூட்டம் வருகிறது.
வால்வு உறைந்துபோன இருவர்
வாயாலேயே பாடிக்கொண்டு நடக்கிறார்கள்.
நவம்பர் பையன் ஒரு சுரத்தை எட்டி,
தவறவிட்டு,
வெட்கமே இல்லாமல் மறுபடி எட்டுகிறான்.
நான் டிரிலை நிறுத்தவில்லை.
அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்க முடியாது.
ஆனாலும் குன்வோர் என் ஜன்னல் பக்கம் திரும்பி
டியூபாவுக்கு மேலே ஒரு விரலை நீட்டி,
கீழே, கீழே என்று காட்டினாள்.

மிதிகட்டையில் காலை
ஒரு நூல் தளர்த்தினேன்.