ஒரு மணி நேரச் சுவர்

மணலியில் குடோன் வேலை.
இளஞ்சிவப்புத் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை,
ஆளுக்கொரு முனை பிடித்து லாரியிலிருந்து இறக்குவோம்.
கத்தியால் ஒரு கோடு. முழங்காலில் வைத்து ஒரு தட்டு.
கோட்டோடு முறியும், உப்பு பிஸ்கட் மாதிரி.

“இதுக்குள்ள தண்ணி இருக்கு” என்றார் இன்ஜினியர் ஜோதிராமன்.
மோந்து பார்த்தேன். சாக்பீஸ் வாசம்.
“கல்லோட கல்லா இறுகிக் கெடக்கு. நெருப்பு பட்டா
ஆவியா வெளிய வரும்.
முழுசா வந்து தீர்ற வரைக்கும் அந்தாண்ட சூடு ஏறாது.
ஒரு மணி நேரம் தாங்கும்.”
“அப்புறம்?”
“உதிரும். அதுக்குள்ள ஆளு வெளிய போயிடணும்.”

ஒரு மணி நேரம்!
கொருக்குப்பேட்டையில் எங்கள் வரிசை எரிந்தபோது
டில்லிராணி வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர
நெருப்புக்கு
ஒரு குடம் நிரம்பும் நேரம்கூட ஆகவில்லை.
பிள்ளையை எடுத்தேன். ரேஷன் கார்டு உள்ளேயே நின்றது.
அதற்கு அலைந்தது ஒன்றரை வருஷம்.

இந்தச் சுவருக்குப் பின்னால் வரப்போவது
சோப்புப் பெட்டிகள்.
சோப்புக்கு ஒரு மணி நேரம்.
இருக்கட்டும், வேலை வேலைதான்.
இரண்டடிக்கு ஒரு சட்டம், சாணுக்கு ஒரு ஸ்க்ரூ,
ஒயர் நுழைந்த ஓட்டையெல்லாம் சிவப்புப் பசை வைத்து அடைத்தேன்.
விரல் நுழையும் ஓட்டை போதுமாம்
அந்த ஒரு மணி நேரம் ஒழுகிப்போக.

மிச்சத் துண்டுகளைக் கேட்டுத்தான் எடுத்தேன்.
மீன்பாடி வண்டியில் மூன்று நடை.
எங்களுக்கும் டில்லிராணிக்கும் நடுவே
தகரத்தின் மேல் இரண்டு அடுக்கு.
ஒட்டுப்போட்ட சுவர்.
எத்தனை நிமிஷம் என்று எந்தச் சீட்டும் சொல்லாது.

அன்று ராத்திரி அவள் இருமல் கேட்கவில்லை.
அவள் புருஷன் கேட்டைத் தள்ளித் திட்டுவது கேட்கவில்லை.
தூக்கம் வரவேண்டியதுதானே,
வரவில்லை.
சுவரில் காதை ஒட்டிப் படுத்திருந்த என் மனைவி சொன்னாள்:
“தண்ணி லாரி வந்தா அவதான் தட்டுவா.
இனிமே எப்டிக் கேக்கும்?”
வெறும் தகரமாய் இருந்தபோது நகம் பட்டால் போதும்.

காலையில் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் நின்றேன்.
பிறகு போட்டேன், தலை உயரத்தில், ஒரே ஒரு ஓட்டை.
ஒரு நீள போல்ட். அந்தப் பக்கம் அவள் நட்டைப் பிடிக்க
இந்தப் பக்கம் நான் முறுக்கினேன்.
சுற்றிலும் சிவப்புப் பசை,
ஊசி நுழைய இடமில்லாமல்.

மறுநாள் விடிகாலை மூணே முக்கால்.
கரண்டியால் தட்டுகிறாள் போல,
போல்ட் தலை
டிங், டிங் என்றது.
குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.