பதினேழாம் நாள்

ரொட்டிச் சூளையிலிருந்து
அதிகாலை நாலரைக்குத் திரும்புகிறவன் நான்.
ஆகவே மாரிபோரில்
எங்கள் ஒன்பது மாடிக் குடியிருப்பில்
அன்றன்றைய கேள்வியை முதலில் பார்ப்பதும் நான்தான்.
லிஃப்டின் கண்ணாடிக்குக் கீழே
கோடு போட்ட தாளில், ஊதா மையில்:
நாள் 1. பச்சை அட்டைப் புத்தகம்.
நாள் 4. படித்ததாகப் பொய் சொன்ன புத்தகம்.
விடையைத் தபால்பெட்டிகளுக்குப் பக்கத்து
ஜன்னல் மேடையில் வைக்க வேண்டும்.
வேண்டியவர் எடுத்துப்போகலாம்.

எழுதுவது மூன்றாம் மாடி டிங்காரா.
எல்லாருக்கும் தெரியும்.
தெரியாததுபோல் இருப்பதுதான் விதி.

பொய் சொன்ன நாளில்
ஒரே தடித்த நாவலின் ஐந்து பிரதிகள் வந்தன.
ஐந்தும் முதுகு மடியாதவை.
லிஃப்டில் ஏறியவர்கள்
ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.
பிப்ரவரியில் இந்த ஊரில்
அது வழக்கமில்லை.

நாள் 9. உங்களைப்போல் ஒருவர் வரும் புத்தகம்.
தூங்கி எழுந்து மாலையில் பார்க்கிறேன்,
மேடை காலி.
யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறை மட்டும்.
இரவு வேலைக்குக் கிளம்பும்போது
அங்கே எண்பத்தேழாம் ஆண்டின்
டெலிபோன் டைரக்டரி கிடந்தது.
நான்காம் மாடி மிலோய்கா வைத்தது.
உள்ளே செருகிய பஸ் டிக்கெட்டில்:
"பக்கம் 212. நான் இருக்கிறேன்.
எனக்கு நேர்மேலே அவரும்."
யாரும் அதை எடுத்துப்போகவில்லை.
ஆனாலும் ஒரு வாரத்தில்
அந்த ஒரு தாளின் ஓரம் மட்டும் கறுத்துவிட்டது.
என் மாவு ரேகையும் உண்டு அதில்.

என்னிடம் இருப்பது ஒரே புத்தகம்.
எனக்கு முன் குடியிருந்தவர்
சமையலறைப் பரணில் விட்டுப்போன
தேனீ வளர்ப்புக் கையேடு.
எந்தக் கேள்விக்கு அதை வைப்பது என்று
பதினாறு நாள் ஓட்டிவிட்டேன்.

பதினேழாம் நாள்
கேள்வியை முதலில் பார்த்தது நானில்லை.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்
லிஃப்ட் நின்றுவிட்டது.
உள்ளே, முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய வின்கோ.
நாலு வருடமாக என் இடத்தில்
தன் காரை நிறுத்துகிற,
கேட்டால் "கோடு அழிந்துபோச்சே" என்கிற
அதே வின்கோ.

மெக்கானிக் ப்துய் ஊரிலிருந்து வர வேண்டும்.
பனி. இரண்டு மணி நேரமாவது ஆகும்.
கதவில் காது வைத்தேன்.
மூச்சு சரியில்லை.
அந்த ஆளிடம் வேறென்ன பேச?
"இன்றைக்கு என்ன கேள்வி?" என்றேன்.
வெகுநேரம் கழித்து ஒவ்வொரு எழுத்தாக வந்தது:
தொடங்கி… முடி… முடிக்காத… புத்தகம்.
"உங்களுடையது எது?"
"எல்லாமே" என்றார்.
"எழுத்து என் கண்ணுக்கு நிற்காது, சின்ன வயசிலிருந்தே.
அந்த ஐந்து நாவலில் ஒன்று என்னுடையது."

ஏழாம் மாடிக்கு ஓடிக் கையேட்டை எடுத்துவந்தேன்.
கோட்டைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்து
இரும்புக் கதவைப் பார்த்து வாசித்தேன்.
குளிர்காலத்தில் தேனீக்கள் தூங்குவதில்லை.
பந்தாய்த் திரண்டு, சிறகசைக்காமல்
உடம்பை மட்டும் நடுக்கிச் சூடு உண்டாக்கும்.
"வெளிப்பக்கம் இருப்பவை செத்துப்போகாதா?"
என்றது கதவு.
"இடம் மாற்றிக்கொள்ளும் என்று போட்டிருக்கிறது."
இடம் என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.
உள்ளே சத்தமில்லை.
பிறகு, "மேலே படியுங்கள்."

நடுவில் மிலோய்கா இறங்கி வந்து
இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார்.
டிங்காரா பள்ளிப் பையோடு நின்றாள்,
தனக்கு எதுவும் தெரியாததுபோல.
என் வாசிப்பு மோசம். தொண்டையெல்லாம் மாவு.

அறுபத்து நாலாம் பக்கத்தில்
மெக்கானிக் வந்துவிட்டான்.
கதவு திறந்தது.
வின்கோ தொப்பியைச் சரிசெய்தார்,
யாரையும் பார்க்கவில்லை, போய்விட்டார்.

மறுநாள் விடியலில்
வழக்கம்போல என் இடத்தில் அவர் கார்.
திட்டிக்கொண்டே பக்கத்தில் போனேன்.
முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அட்டை,
பெரிய கோணல் எழுத்தில்
64.

நாள் பதினெட்டின் கேள்வி என்னவென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
அன்று படி வழியாகத்தான் ஏறினேன்,
கையில் சூடான ரொட்டி,
நேராக எட்டாம் மாடிக்கு.