அலைவு நேரம்

புறப்பட்ட மூன்றாம் நாள் ஊசல் சோதனை.
நூலில் ஓர் ஈயக்குண்டு,
கையில் புது ஸ்டாப்வாட்ச்.
இருபது அலைவுக்கு எத்தனை நொடி
என்று குறித்து வரச் சொன்னார் ஹமாகுச்சி சார்.
குண்டு பாட்டுக்கு நேராகத் தொங்கியது;
அறைதான் ஆடியது.
அதையே எழுதிக் கொடுத்தேன்.
சரியும் போடவில்லை, தவறும் போடவில்லை,
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

கிகுதாவின் வாளிக்கு நாங்கள் வைத்த பெயர் பிரின்சிபால்.
பன்னிரண்டு நாள் அதைக் கட்டிக்கொண்டே கிடந்தான்.
"பிரின்சிபால் கூப்பிடுகிறார்" என்று சொன்னால் போதும்,
திரிகோணமிதியின் நடுவிலும்
அவனுக்குக் கதவு திறக்கும்.

குளியல் கடல்நீரில்.
முடிவில் ஆளுக்கு இரண்டு குவளை நல்ல தண்ணீர்.
ஒனொதெரா தன் பங்கைத் தலையில் ஊற்றமாட்டாள்,
சட்டைக் காலரை அலசுவாள்.
கண்ணாடி பார்ப்பதை நான் விட்டுவிட்டேன்,
புருவம் நரைத்துத் தெரிந்தது.

பாடநூலில் பசிபிக்கின் நடுவே ஒரு மடிப்பு,
மடிப்புக்குள் தையல் நூல்.
ஹவாய்க்குத் தெற்கே ஓர் இரவுக் காவலில்
அந்தத் தையல்மேல்தான் போகிறோமோ என்று
எட்டிப் பார்த்தேன்.
கறுப்பு. வேறொன்றும் இல்லை.

கயிறு விடும் நாளில் வகுப்பு கிடையாது.
விடியுமுன் தொடங்கி
உறைந்த கணவாயைக் கொக்கிகளில் கோத்துக் கோத்து
விரல்கள் யாருடையவையோ ஆகிவிடும்.
மதியம் தொடங்கும் இழுவை
நள்ளிரவிலும் முடியாது.
முதல் சூரை ஏறியபோது யாரும் கத்தவில்லை.
என்னைவிடக் கனம்.
சாரங்கு நுமாதா அதைக் கீறி
எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்,
"பிடி" என்று மட்டும் சொல்லி.
துடித்துக்கொண்டிருந்தது.

மற்றொரு கை சட்டைப்பைக்குள் போய்
ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டது.
ஏன் என்று இன்றும் தெரியவில்லை.
நான்கு நிமிடம், பதினோரு நொடி.
சோதனை நோட்டில்
அந்த எண்ணுக்கென்று கட்டம் இல்லை.
கேள்விக்குறிக்குப் பக்கத்தில் எழுதினேன்.
சார் பார்த்தார்.
பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அறுபத்தோராம் நாள் மிசாகி துறைமுகம்.
வரவேற்க வந்திருந்தார் பிரின்சிபால், நிஜமானவர்,
கழுத்துப்பட்டி, பூங்கொத்து எல்லாமாக.
ஏழு வாரமாகக் குமட்டலே மறந்திருந்த கிகுதா
ஆடாத சிமெண்டில் இரண்டடி வைத்தான்,
அவர் பூங்கொத்தை நீட்டினார்,
அவ்வளவுதான்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
கடற்காகங்கள் எழுந்து பறந்தன.

திங்கட்கிழமை தேர்வு.
நான்கு கால்களிலும் அசையாமல் நிற்கிற மேசை.
ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் கொட்டகை,
அது அங்கேயே இருந்தது.
மூன்றாம் கேள்வியில் நிமிர்ந்தேன்:
முன்வரிசையில் ஒனொதெரா, கதவோரம் கிகுதா,
இந்தப் பக்கம் நான்,
மூவரும் இடது சுண்டுவிரலால்
பென்சிலைத் தடுத்துப் பிடித்திருந்தோம்,
எந்தப் பக்கமும் உருளாத பென்சிலை.