கண்ணாடி இல்லாத சன்னல்

மஞ்சூர்ப் பள்ளியின் ஆசிரியர் அறையில்
ஒரு சன்னலுக்குக் கண்ணாடி இல்லை.
எழுதிப் போட்டு மூன்று வருடம்.
அட்டை வைத்து அடைத்தோம்;
நமத்துப்போய் விழுந்தது.
அதனடியில் கிடந்த நாற்காலிக்கு மட்டும்
எப்போதும் ஆள் இருக்காது.

சாயர்புரத்து வெயிலிலிருந்து
மாற்றலாகி வந்த ஜெபகனி டீச்சர்
தலைமையாசிரியர் அறையைச் சாத்திவிட்டு
அதில் வந்து உட்கார்ந்தார்.
கூட்டம் என்றால் எங்களுக்குச்
சுற்றறிக்கை, கையொப்பம், சிவப்பு மை.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"எட்டு பி-யில் ஹாலன் ஏன் நாலு நாளாக வரவில்லை?"
யாருக்கும் தெரியவில்லை.
"எனக்கும் தெரியலை. போய்ப் பார்ப்போமா?"
சாயங்கால பஸ்ஸில் ஐந்து பேர் போனோம்.
அம்மாவுக்குக் கால் முறிவு;
பால் கறப்பது அவன்.

மரம் விழுந்து பஸ் நின்ற ஒரு நாள்
நனைந்தபடி பதினொன்றுக்கு நுழைகிறேன்,
என் வகுப்புக் கரும்பலகையில்
அவர் கையெழுத்தில் பின்னங்கள்.
சாக்பீஸை நீட்டினார்:
"மூணாவது கணக்கு எனக்கு இடிக்குது,
கொஞ்சம் பாருங்க."
வருகைப் பதிவேட்டில்
என் கட்டம் காலியாகக் காத்திருந்தது.

தை உறைபனியில் அவருக்குக் காய்ச்சல்.
சன்னலோர நாற்காலிக்கு
பி.டி. மாஸ்டர் முந்திக்கொண்டார்.
மறுநாள் நான்.

கண்ணாடி இன்னும் வரவில்லை.
முறை போட்டு உட்காருகிறோம்.